குழந்தைசாமி செய்த பிரேக் ஷூ

ஆவாரம்பாளையத்தில் தமயந்தி என்றொரு மாஸ்டர் இருந்தார். நாற்பது வயது. பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு பிரேக் ஷூ செய்வது அவர் தொழில். அதற்கு முன் ஒரு பெரிய கம்பெனியில் பிரேக்குகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். தினமும் எதையாவது உடைத்துப் பார்த்தால்தான் அவருக்கு அன்றைய சாப்பாடு இறங்கும் என்று அங்கே சொல்வார்களாம்.

இந்த ஷூ காலில் போடுவதல்ல. சக்கரத்தின் நடுவே டிரம் என்றொரு உருளை உண்டு. அதற்குள் இரண்டு பிறைகள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். பிரேக்கைப் பிடித்தால் அவை விரிந்து உள்ளிருந்து டிரம்மை அழுத்தும். வண்டி நிற்கும். பழைய வண்டிகளில் அந்தப் பிறைகள் நல்ல கனம். தமயந்தி அவற்றை அலுமினியக் கட்டியில் கடைந்து, வேண்டாத சதையை எடுத்துவிட்டு, பாதிக்குச் சற்றுக் கூடுதலான எடையில் செய்து கொடுப்பார்.

அவருக்கு ஒரே ஒரு சீடர். பெயர் குழந்தைசாமி. வயது ஐம்பத்தெட்டு.

குழந்தைசாமி சிங்காநல்லூரில் பேக்கரி நடத்தியவர். அவர் கடையின் தேங்காய் பன்னுக்கு ஒரு காலத்தில் பெரிய பேர். விலையை ஏற்றினால் ஆட்கள் கோபிப்பார்கள் என்று அவர் விலையைத் தொடவே இல்லை. பன்னின் எடையை மட்டும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்தார். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் பன்னை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன் வழியாகவே எதிரில் வந்த பஸ்ஸின் நம்பரைப் படித்துக் காட்டினார். அந்த வாரமே குழந்தைசாமி கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டார்.

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. ஷெட்டில் அவருடைய கல்யாணத்துக்கும் முந்தைய டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்று இருந்தது. அதை உயிர்ப்பிக்கிற வேலையில் இறங்கினார். ஷூ வாங்க தமயந்தியின் பட்டறைக்கு வந்தவர், அந்த அலுமினியப் பிறையைக் கையில் வாங்கியதும் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை லேசான ஒரு பொருள் அத்தனை கனமான வண்டியை நிறுத்தும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. எடையைக் குறைத்ததற்காகத் திட்டு வாங்காத ஒரு ஆளை அவர் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தார்.

மறுநாள் வந்து தொழில் கற்றுக்கொடுக்கச் சொன்னார். தமயந்தி முடியாது என்றார். அதற்கு மறுநாள் வெஜிடபிள் பப்ஸோடு வந்தார். அப்போதும் முடியாது என்றார், ஆனால் பப்ஸை எடுத்துக்கொண்டார். இப்படியே ஒரு மாதம் ஓடியது. கடைசியில் எந்தத் தேதியில் சீடரானார் என்று இருவருக்குமே தெரியாது.

மாஸ்டரை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் குழந்தைசாமிக்குக் குழப்பமாக இருந்தது. வயதில் சின்னவரை அம்மிணி என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். கற்றுக்கொடுக்கிறவரை அப்படிக் கூப்பிட நாக்கு வரவில்லை. அதனால் மாஸ்டர் என்று ஆரம்பித்தார். பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொண்டவருக்கும் மாஸ்டர் என்றுதான் பெயர். முப்பது வருஷம் ஒரு மாஸ்டரைத் திட்டியவர், இப்போது இன்னொரு மாஸ்டரிடம் திட்டு வாங்கத் தயாரானார். தமயந்தி யாரையும் திட்டுவதில்லை என்பது அவருக்குச் சற்று ஏமாற்றம்தான்.

கை சீக்கிரம் படிந்தது. லேத்தும் டிரில்லும் ஆறு மாதத்தில் அவர் சொன்னபடி கேட்டன. ஆனால் பழைய குணம் உள்ளே புகுந்துகொண்டது. நகைக்கடைத் தராசு ஒன்றை வாங்கி வந்து மேஜையில் வைத்தார். ஒரு பிறையைக் கடைவார், நிறுப்பார், ஒரு ஓட்டை போடுவார், மறுபடி நிறுப்பார். ஓட்டையிலிருந்து விழுந்த சீவலையும் தனியாக நிறுத்துப் பார்த்துச் சந்தோஷப்படுவார். அவருடைய சொந்த எடையைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. அதை அவர் மனைவி போதுமான அளவு பேசியிருந்தார்.

ஒருநாள் கேட்டார்.

"மாஸ்டர், இன்னும் எவ்வளவு குறைக்கலாமுங்க?"

"எதுக்குங்க குறைக்கறோம்?"

"எடை குறையறதுக்குத்தானுங்க."

தமயந்தி தன் வேலைக்குத் திரும்பினார். மாஸ்டர் ஆமோதித்துவிட்டதாக குழந்தைசாமி எடுத்துக்கொண்டார். அன்று மாலைக்குள் மேலும் சில ஓட்டைகள் விழுந்தன.

ஐப்பசியில் அவருடைய முதல் செட் தயாரானது. முன்சக்கரத்துக்கு இரண்டு, பின்சக்கரத்துக்கு இரண்டு. தமயந்தி செய்வதை ஒரு தட்டிலும் தான் செய்ததை மறு தட்டிலும் வைத்தார். அவருடைய தட்டு எழும்பி ஆடியது. பிறை பார்க்க இடியாப்பத் தட்டு மாதிரி இருந்தது. மாஸ்டரை மிஞ்சிவிட்டோமே, அவர் மனம் புண்படுமோ என்று குழந்தைசாமி வருத்தப்பட்டார். அந்த வருத்தம் அவருக்குப் பிடித்திருந்தது.

பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தில் அவருக்கு நாச்சிமுத்து என்றொரு நண்பர். அவரிடமும் இதே வண்டிதான். வரும் ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஊட்டிக்குப் போய்விட்டு கோத்தகிரி வழியாக இறங்குவதாகத் திட்டம். என் ஷூவை மாட்டிக்கொண்டு போ, இறக்கத்தில் வண்டி பூ மாதிரி வரும் என்று குழந்தைசாமி வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் மாஸ்டர் சரி என்று சொல்லாமல் எந்தப் பொருளும் அந்தப் பட்டறையை விட்டு வெளியே போகாது. அதனால் வெள்ளிக்கிழமை காலையில் நான்கு பிறைகளையும் ஒரு துணியில் வைத்து, நாச்சிமுத்துவும் மனைவியும் ஊட்டிக்குப் போவதைச் சொல்லி, தமயந்தி முன்னால் நீட்டினார்.

தமயந்தி ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். ஓட்டை வழியாக ஜன்னலைப் பார்த்தார். கடைசல் சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு, வெள்ளியம்பாறை மலைமேல் இருக்கிற முருகன் கோயிலுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, உங்கள் வண்டியிலேயே போய்விட்டு வரலாம் என்றார்.

"நாச்சிமுத்துவுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டாப் போச்சு. நீங்க போயி சாப்பிட்டுட்டு வாங்க. நான் மாட்டி வெக்கறேன்."

குழந்தைசாமி திரும்பி வந்தபோது வண்டி வாசலில் தயாராக நின்றது. தமயந்தி ஹெல்மெட் போட்டு, கையில் தேங்காய்ப் பையோடு காத்திருந்தார். பின்னால் ஏறி உட்கார்ந்து, போலாமுங்கண்ணா என்றார்.

குழந்தைசாமி தனியாக ஓட்டியிருந்தால் அன்று பாடிக்கொண்டே போயிருப்பார். இப்போது பின்னால் மாஸ்டர் உட்கார்ந்திருக்க, முதல் சிக்னலில் பிரேக்கைத் தொட்டபோது சக்கரத்திலிருந்து டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். பிஸ்கட்டை உடைக்கிற மாதிரி. வண்டி என்னவோ சரியான இடத்தில்தான் நின்றது. இரண்டாவது சிக்னலில் மறுபடி டிக். அதற்கப்புறம் அவர் பிரேக்கைத் தொடவே பயந்து, நூறு அடிக்கு முன்பே ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, வண்டி தானாக ஓய்ந்து நிற்கிற மாதிரி ஓட்டினார். ஒரு சைக்கிள்காரர் மணி அடித்து வழி கேட்டு அவர்களைத் தாண்டிப் போனார்.

தமயந்தி பின்னால் ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டு வந்தார்.

மலையேற்றத்தில் பிரேக்குக்கு வேலையில்லை. குழந்தைசாமிக்குச் சற்று உயிர் வந்தது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் பள்ளம் தெரிந்தது. ஏறுகிற ஒவ்வொரு அடியும் இறங்க வேண்டிய ஓர் அடி என்று அவர் புத்தி கணக்குப் போட ஆரம்பித்தது. எந்த இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவே விரல் நகம் அளவுக்குக்கூடச் சதை இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். போட்டதே அவர்தானே.

உச்சியில் தமயந்தி தேங்காய் உடைத்தார், வேண்டுதலை முடித்தார், வெளியே வந்து சுவரில் உட்கார்ந்தார். குழந்தைசாமியைக் காணோம். அவர் உள்ளே பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தார். முருகனை மூன்று தடவை பார்த்தார். வழக்கமாகப் பார்க்காத நவக்கிரகங்களை ஒவ்வொன்றாக விசாரித்தார். அன்னதானத்தில் இரண்டாம் பந்திக்கும் உட்கார்ந்தார். வெளியே வந்து குரங்குகளை வெகுநேரம் பார்த்தார். குரங்குகள் சலித்துப் போய்விட்டன.

"போலாமுங்களா?"

"வெயில் தாழட்டுமுங்க மாஸ்டர்."

வெயில் தாழ்ந்தது.

"போலாமுங்களா?"

"காத்து ஒரு மாதிரி அடிக்குதுங்க. சித்த நேரம் பாத்துக்கலாம்."

காற்றும் நின்றது. குழந்தைசாமி வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து டிரம்மில் காதை வைத்துக் கேட்டார். நின்றிருக்கிற வண்டியில் என்ன கேட்கும். நிமிர்ந்து, ஒரு யோசனை சொன்னார். கோயில் பஸ் கிளம்பப் போகிறது, மாஸ்டர் அதில் இறங்கிவிடலாம், நான் வண்டியைத் தனியாக மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார்.

"ஏனுங்க?"

"ரெண்டு பேரு எடையாச்சுங்களே. இறக்கம் வேற."

"நாச்சிமுத்துவும் அவங்க சம்சாரமும் ரெண்டு பேருதானுங்களே."

குழந்தைசாமி அடிவாரத்தைப் பார்த்தார். நாச்சிமுத்துவின் மனைவி போன தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு அதிரசம் கொண்டுவந்து கொடுத்தவர். வண்டியில் கணவர் தோளைப் பிடிக்காமல், மடியில் பையை வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகவே உட்காருவார்.

குழந்தைசாமி போனை எடுத்து நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார். ஷூ தயாராகவில்லை, இருக்கிற பழைய ஷூவிலேயே ஊட்டிக்குப் போய் வா என்றார். நாச்சிமுத்து விடவில்லை, நேற்றுத்தான் தயார் என்றாயே என்று கேட்டிருக்க வேண்டும். மாவு சரியாகப் புளிக்கவில்லை என்று பழைய பேக்கரி ஞாபகத்தில் குழந்தைசாமி உளறினார். பிறகு குரலை இறக்கி, நான் நல்லாச் செய்யலைப்பா என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தார். முப்பது வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் அவர் அப்படிச் சொன்னதில்லை. சொன்னதும் நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. ஆனால் வண்டி இன்னும் மலைமேல்தான் இருந்தது.

"தள்ளிக்கிட்டே இறங்கிடலாமுங்க மாஸ்டர்," என்றார்.

தமயந்தி சரி என்றார். பஸ்ஸில் ஏறவில்லை. அவர் பக்கத்திலேயே, மீதித் தேங்காயைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

மேட்டில் வண்டி தள்ளுகிறவரை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இறக்கத்தில் தள்ளுகிறவரை யாரும் பார்த்ததில்லை. தள்ளுவது என்று சொல்வதே தப்பு. வண்டி குழந்தைசாமியை இழுத்தது. அவர் ஹேண்டில்பாரைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, முரட்டு மாட்டை அடக்குகிறவர் மாதிரி இறங்கினார். வழியில் போன எல்லா வண்டியும் நின்றது. பெட்ரோல் தீர்ந்துபோச்சுங்களா என்று கேட்டார்கள். பெட்ரோல் இருக்குதுங்க என்றார். பஞ்சருங்களா என்றார்கள். இல்லீங்க என்றார். பின்னே என்னதானுங்க என்றார்கள். வேண்டுதலுங்க என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. ஒரு அம்மா மட்டும் காரை நிறுத்தி இறங்கி வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடிவாரத்துக்கு வந்தபோது அவருடைய வலது செருப்பின் குதிகால் தேய்ந்து தரை தெரிந்தது. சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும். டீக்கடை பெஞ்சில் விழுந்தார். தமயந்தி இரண்டு டீ சொன்னார்.

பாதி டீயைக் குடித்துவிட்டுக் குழந்தைசாமி கேட்டார்.

"என் கையில செஞ்சதை நம்பி எப்படிங்க மாஸ்டர் பின்னாடி ஏறி உக்காந்தீங்க?"

"எங்கீங்க நம்புனேன். உங்க ஷூ நாலும் பட்டறையில மேஜை மேல இருக்குது. வண்டியில மாட்டியிருக்கறது நான் செஞ்சது."

குழந்தைசாமி வண்டியைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். தன் குதிகாலைப் பார்த்தார். கோபப்படலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு வேறொன்று ஞாபகம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப அந்தச் சத்தமுங்க? டிக்கு டிக்குன்னு, முத சிக்னல்ல இருந்தே கேட்டுச்சே?"

தமயந்தி டீயை ஊதினார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்கண்ணா."