போலீஸ் ஜீப்பில் வந்த வேட்பாளர்

நகராட்சித் தேர்தலில் நின்ற பொன்னுலிங்கம் அண்ணாச்சி, கம்பீரமாக வாக்குக் கேட்க வேண்டுமென்று பழைய போலீஸ் ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். சாயத்தைக்கூட மாற்றவில்லை. வண்டி சந்தைத் தெருவுக்குள் நுழைந்ததுதான் தாமதம், நடைபாதைக் கடைக்காரர்கள் கூடையும் தராசுமாக ஓட்டம் பிடித்தார்கள். அண்ணாச்சி கூப்பிய கைகளுக்கு எதிரே ஒரு நாய் மட்டுமே மிஞ்சியது.

"ஓட்டுனது நீதானடே! போன சனத்தை இப்பவே திரும்ப வர வை. இல்லன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராத" என்று ஓட்டுநர் சுடலையிடம் சீறினார்.

சுடலை சத்தமில்லாமல் எஞ்சினை அணைத்தான்.

"வண்டி நின்னுபோச்சு அண்ணாச்சி. இறங்கிக் கொஞ்சம் தள்ளுங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

அண்ணாச்சி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். சந்துக்குள்ளிருந்து மீன்காரம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏ, இது போலீசு இல்லடி! அவுக என்னைக்கு இறங்கித் தள்ளியிருக்காக?"

தெருவே சிரித்தபடி திரண்டு வந்து கைகொடுத்தது. அண்ணாச்சியும் அங்கேயே வாக்குக் கேட்டு முடித்தார்.

மூச்சு வாங்க ஏறி அமர்ந்தவர், "வண்டிக்கு என்னடே கோளாறு?" என்றார்.

"ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. அடுத்த தெருமுனை வந்ததும் சொல்லுதேன், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிடுங்க."