இடியிடம் கேட்க ஒரு கேள்வி

பேர்தான் பேச்சியம்மாள், பேச்சு சொற்பம். கரிசல்காட்டு ஓரத்தில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன மடத்தில் இருந்தாள். வயது நாற்பதுகூட இருக்காது. மனக்குறையைச் சொல்ல அவளைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் அவளுக்கு மூத்தவர்கள். சங்கிலியும் அப்படித்தான். அவர் அவளை 'அம்மா' என்பார். அவள் அவரை 'அண்ணே' என்பாள்.

போன சித்திரையில் சங்கிலியின் மனைவி சோலையம்மாள் பருத்திக் காட்டில் நின்றபோது வானம் திடீரென இருண்டது. வீட்டிலிருந்து சங்கிலி போன் போட்டார்.

"நனையாத புள்ள. வேப்பமரத்தடியில ஒதுங்கு."

"ஒதுங்கிட்டேன். நீங்க போனை வைங்க."

வைத்தார். அந்த மரத்தில்தான் இடி விழுந்தது.

அதன்பிறகு 'ஒதுங்கு' என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. ஆட்டு மந்தை சாலையை மறித்தால்கூட, காரை நிறுத்திவிட்டு, அது தானாக விலகும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

இந்தச் சித்திரையில் ஒரு நாள், உச்சிவேளைக்கு, மடத்து வாசலில் அவர் கார் வந்து நின்றது.

"இன்னைக்கு இடிமழை இருக்குன்னு செய்தியில சொன்னான். தொரத்திப் போகப் போறேன்மா."

"பிடிச்சு?"

"நேருக்கு நேரா நின்னு ஒண்ணு கேக்கணும். அவளக் கொன்னது நீயா, என் வாயான்னு."

"பதில் சொல்லலேன்னா?"

"என்னையும் எடுத்துக்கிடட்டும்."

பேச்சியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"கதவ நல்லாச் சாத்துங்கண்ணே. போவோம்."

அருப்புக்கோட்டைக்கு மேற்கே மேகம் யானைக்கூட்டமாகத் திரண்டு நின்றது. அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அங்கே வெயில். தார்ச்சாலை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பந்தல்குடிப் பக்கம் மின்னியது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனால் தூறல்கூட இல்லை. புழுதியில் பொட்டுப் பொட்டாக நாலைந்து துளி விழுந்த தடம்.

டீக்கடை ஒன்றில் நிறுத்தினார்கள்.

"அண்ணாச்சி, மழை எங்கிட்டுப் போச்சு?" என்றார் சங்கிலி.

டீக்கடைக்காரர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "மழைக்கு ஒதுங்கத்தான் நம்ம கடைக்கு ஆள் வரும். மழையத் தேடிக் கார் போட்டு வந்தது நீங்கதான். எங்க ஊர்க்காரனக் கண்டாத்தான் அது ஓடும்னு நெனச்சேன், உங்களக் கண்டாலுமா?"

சங்கிலி கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"டீ நல்லாத்தானே இருக்கு?" என்றாள் பேச்சியம்மாள்.

"எறங்கல."

பொழுது சாயும் நேரம். இனி வீடுதான் என்று ஒரு கண்மாய்க்கரை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பகலெல்லாம் அவர்கள் துரத்திய மழை பின்னாலிருந்து வந்து அவர்களைப் பிடித்தது. கார்க் கூரைமேல் சரளைக்கல்லை வாரிக் கொட்டினாற்போலச் சத்தம். மின்னல் ஒரு வெட்டு வெட்டியது. கண்மாய் முழுக்க வெள்ளையாகி மறுபடி இருண்டது.

"வந்திருச்சு. கேளுங்கண்ணே."

சங்கிலி இறங்கினார். வெட்டவெளியில் போய் நின்று முகத்தை வானத்துக்குத் தூக்கினார். வாயைத் திறந்தார்.

யாரோ கூப்பிட்டார்கள்.

கொஞ்சம் தள்ளி ஒற்றை வேப்பமரம். அதன் அடியில் ஒரு மொபெட். பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர். அந்தப் பெண் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள்.

"ஐயா! ஏன்யா இப்பிடி நனையுறீக? இங்கன வந்து ஒதுங்குங்க!"

அவள் புருஷன் நகர்ந்து நின்று இடம் விட்டான். "வாங்கய்யா, எடம் கெடக்கு!"

சங்கிலி அவர்களைப் பார்த்து ஓடினார். சேற்றில் ஒரு செருப்பு போயிற்று.

"மரத்தடி வேணாந்தாயி! காருக்கு வாங்க! ரெண்டு பேரும் வாங்க!"

"வண்டிய விட்டுட்டு எப்பிடிய்யா?"

"அது கெடக்கட்டும்டா!"

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பின் சீட்டில் தள்ளினார். புருஷனும் பின்னாலேயே வந்து ஏறினான். ஒவ்வொரு இடிக்கும் அவள் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று முனகினாள். சங்கிலி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டது. மரத்தில் ஒன்றும் விழவில்லை. சொட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

"சீட்டெல்லாம் ஈரமாயிருச்சுய்யா, தப்பா நெனைக்காதீக," என்று இருவரும் இறங்கிப் போனார்கள். மொபெட்டை உதைத்துக்கொண்டே புருஷன் சொன்னது காருக்குள் கேட்டது. "தங்கமான மனுசன். என்ன, ரொம்பப் பயந்த சுபாவம்."

சங்கிலி ஒற்றைச் செருப்போடு வண்டியைக் கிளப்பினார்.

"கேட்டீங்களா அண்ணே?"

"எங்கேம்மா கேட்டேன்... மறந்துட்டேன்."

"அந்தப் புள்ள உங்கள மரத்தடிக்குக் கூப்பிட்டாளே."

"ஆமா."

"உங்க மேல அவளுக்கு என்னண்ணே பகை?"