மலைராயன் போட்ட மூன்று விண்ணப்பங்கள்

ஏழாற்றூர் அரண்மனையில் அரியணை இருந்தது, அந்தப்புரம் இருந்தது, அகழி நிறைய முதலை இருந்தது. வைஃபையும் இருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள், கதை நின்றுவிடும்.

அங்கே ஓலைநாயகமாக இருந்தவன் நக்கண்ணன். நாட்டில் யார் விண்ணப்பம் போட்டாலும் முதலில் படிப்பவன் அவன்தான். முன்பக்கம் படிப்பான். திருப்பிப் பின்பக்கமும் படிப்பான். அப்புறம்தான் பதில் எழுதுவான். ஒரு நாளைக்கு ஒன்பது ஓலை நகர்ந்தால் பெரிய விஷயம்.

தலைமை அமைச்சர் ஆவுடையாருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் பளபளவென்று ஒரு கைபேசியோடு சபைக்கு வந்தார்.

"மன்னர் மன்னா! இதற்குள் சாட்பாட் என்று ஒன்று இருக்கிறது. ஓலையைப் படம் பிடித்துக் காட்டினால் போதும், பதில் தயார்!"

மன்னர் கொன்றைமாறர் கைபேசியை வாங்கிக் கிசுகிசுத்தார். "நான் நல்ல அரசனா?"

"அருமையான கேள்வி, மன்னா!" என்றது சாட்பாட், தேனில் ஊறிய குரலில். "இப்படிக் கேட்கத் தோன்றியதே தங்கள் பெருமைக்குச் சான்று. இதைப் பத்துப் பாடலாக விரித்துத் தரட்டுமா?"

மன்னர் உருகிப் போனார். பெற்ற தாய்கூட அவரிடம் இப்படிப் பேசியதில்லை.

அன்று மாலைக்குள் அறுநூறு ஓலைக்குப் பதில் போனது.

"பிறகு இந்த நக்கண்ணன் எதற்கு, மன்னா?" என்று மெல்ல இழுத்தார் ஆவுடையார்.

"அதானே! ஏனப்பா, உனக்கு வேறென்ன வேலை தெரியும்?"

"படிக்கத் தெரியும், மன்னா."

"அதைத்தான் இது செய்கிறதே! யானைக் கொட்டடியில் லத்தி அள்ள ஆள் இல்லையாம், போ. ஓலையைப் படிக்க மனிதன்தான் வேண்டும் என்று ஒரு மாதத்துக்குள் எனக்குக் காட்டு. முடியாவிட்டால் ஆயுசுக்கும் கூடைதான்."

அரச முத்திரை ஆவுடையார் கைக்குப் போனது. ஏழாற்றூரில் முத்திரை சாதாரணமில்லை. முத்திரை விழுந்த ஓலை இருக்கும்வரை அதுதான் சட்டம். தப்பென்று தெரிந்தாலும் மன்னரே மாற்ற முடியாது.

கொட்டடியில் இருந்தது பட்டத்து யானை மலைராயன். நாளுக்குப் பதினெட்டுக் கூடை. பத்தொன்பதாவது கூடையில் நக்கண்ணனுக்கு யோசனை உதித்தது.

"மலைராயா, லீவு வேணுமா?"

யானை காதை ஆட்டியது.

"சம்மதம்னு எழுதிக்கிறேன்."

எழுதினான். 'ஐயா, எனக்குத் தும்பிக்கையில் சளி. நான்கு கால்களும் கடுக்கின்றன. இரண்டு நாள் விடுப்பு தேவை. இப்படிக்கு, மலைராயன், யானைக் கொட்டடி.'

உச்சி வெயிலுக்குள் பதில் வந்தது. 'தங்கள் வலி எமக்குப் புரிகிறது. விடுப்பு வழங்கினோம். வெந்நீரில் ஆவி பிடிக்கவும்.' கீழே முத்திரை!

அடுத்தது, பட்டம் கேட்டு ஓர் ஆய்வேடு. தலைப்பு 'கரும்பு: ஒரு மறுவாசிப்பு'. உள்ளே முப்பது ஓலை. முப்பதிலும் மலைராயன் மிதித்த சேறு. எழுத்து ஒன்றுகூட இல்லை.

'ஆழமான ஆய்வு. மேற்கோள்கள் வெகு சிறப்பு. மகாவித்துவான் பட்டம் அளிக்கிறோம்.' முத்திரை!

மூன்றாவதை எழுதும்போது மட்டும் நக்கண்ணன் வாசலை இரண்டு முறை எட்டிப் பார்த்துக்கொண்டான். ஆவுடையார் ஒரே ஒரு வரி படித்துவிட்டால் போதும், தலை போய்விடும். ஆனாலும் எழுதினான்.

'வயது நாற்பத்தொன்று. தந்தம் இரண்டு. எடை, அறுபது ஆள் எடை. அனுபவம், மன்னரை இருபது வருடம் முதுகில் சுமந்தது. இப்போதைய தலைமை அமைச்சரை விலக்கி, அப்பதவியை எனக்குத் தர வேண்டுகிறேன்.'

மறுநாள் காலை சபை கூடியிருந்தது. வாசலில் காவலன் தொண்டை கிழியக் கத்தினான். "புதிய தலைமை அமைச்சர், மகாவித்துவான் மலைராயனார் வருகிறார்! பராக்!"

தூண்கள் அதிர மலைராயன் நுழைந்தது. பின்னால் கூடையோடு நக்கண்ணன்.

"என்னய்யா இது?" மன்னர் அரியணைமேல் ஏறி நின்றுகொண்டார்.

நக்கண்ணன் மூன்று விண்ணப்பங்களையும் மூன்று பதில்களையும் நீட்டினான். மன்னர் வாய்விட்டுப் படித்தார். கடைசிப் பதிலில் அவர் குரல் ஒரு மாதிரி ஆனது.

"'தங்கள் அனுபவமும் அடக்கமும் இப்பதவிக்கு மிகப் பொருத்தம். ஆவுடையாரை விலக்கி, நாளைக் காலை தங்களை அமர்த்துகிறோம். இந்தப் பதிலை இன்னும் பணிவாக மாற்றித் தரட்டுமா?' ஆவுடையாரே, இந்தக் கடைசி வரிக்கும் சேர்த்தா முத்திரை குத்தினீர்?"

"மோசடி, மன்னா! யானை எங்கேயாவது விண்ணப்பம் எழுதுமா?"

"அமைச்சர் எழுதாமலே அமைச்சர் பதில் போகிறது. யானை எழுதாமலே யானை விண்ணப்பம் வரக்கூடாதா?" என்றான் நக்கண்ணன். "இந்தக் கடைசி விண்ணப்பத்தில் நான் ஒரு பொய்யும் எழுதவில்லையே. தந்தம் இரண்டு என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்."

"அப்படியானால் அந்தச் சாட்பாட்தான் ஏமாற்றிவிட்டது!" என்றார் மன்னர்.

"அது பாவம், மன்னா. நல்லபடியாகப் பதில் எழுது என்றார்கள், எழுதியது. முத்திரை குத்திய கை அதனுடையது இல்லையே."

மன்னர் தலையில் கை வைத்தார். "ஐயோ, முத்திரை! இந்த ஓலை இருக்கும்வரை இனி இவரிடம்தான் நான் ஆலோசனை கேட்க வேண்டுமா?"

"பதவி அவருடையது, மன்னா. ஓலையை அவரிடமே கொடுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும்."

மன்னர் அரியணைமேல் நின்றபடியே நீட்டினார். மலைராயன் தும்பிக்கையால் வாங்கியது. இப்படித் திருப்பியது. அப்படித் திருப்பியது. ஓரமாக முகர்ந்தது. பிறகு வாயில் போட்டு மென்று விழுங்கியது. நல்ல பனையோலை ஆயிற்றே!

ஓலை போயிற்று. சட்டமும் போயிற்று.

"கவனித்தீர்களா மன்னா?" என்றான் நக்கண்ணன். "முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், அப்புறம்தான் முடிவெடுத்தார். இந்த மாதம் ஓலையைத் திருப்பிப் பார்த்த ஒரே அமைச்சர் இவர்தான்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டு யானைக் காலடியில் விழுந்தது. முத்திரை நக்கண்ணனுக்கு. மலைராயனுக்கு ஒரு வண்டிக் கரும்பு, மறுவாசிப்புக்காக. கூடை ஆவுடையாருக்கு.

கொட்டடியில் முதல் குவியலைப் பார்த்ததும் ஆவுடையார் இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்தார்.

"இதை எப்படி அள்ளுவது?"

"அருமையான கேள்வி, ஐயா!" என்றது அது.