பழைய சாமானுக்கு நம்பிக்கையான ஆள்

குண்டலப்பட்டியில் சடையாண்டி, வெள்ளியங்கிரி, பொன்னுரங்கம் என்று அண்ணன் தம்பி மூன்று பேர். அந்தக் குடும்பத்துக்கு ஆண்டவன் ஒரே ஒரு மூளைதான் ஒதுக்கினான். அதையும் தங்கச்சி வடிவுக்குக் கொடுத்துவிட்டான்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஓட்டைக் குடம், கால் போன கட்டில், சுற்றாத கிரைண்டர், படம் தெரியாத டிவி எல்லாம் உத்தரம் முட்ட அடுக்கியிருக்கும். வடிவைப் பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டம் உட்கார இடமில்லாமல் வாசலோடு போய்விட்டது. வெள்ளிக்கிழமை மூன்றாவது கூட்டம் வருகிறது.

"அண்ணே, உங்க கால்ல விழறேன். நம்பிக்கையான ஆளாப் பார்த்து இதையெல்லாம் அள்ளச் சொல்லுங்க. இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் இந்தக் குடத்தோட குடமாக் கிடக்க வேண்டியதுதான்" என்று அழுதாள் வடிவு.

மூன்று பேரும் கூடிப் பேசினார்கள்.

"நம்பிக்கையானவன்னு எப்படிடா கண்டுபிடிக்கிறது?" என்றான் சடையாண்டி.

"சாமானைக் கொடுத்துப் பார்ப்போம்ணே. பத்திரமாத் திருப்பிக் கொண்டு வந்தா நம்பிக்கையானவன்" என்றான் வெள்ளியங்கிரி.

"வராட்டி?" என்றான் பொன்னுரங்கம்.

"திருடன்."

என்ன அறிவு! மற்ற இருவருக்கும் புல்லரித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பழைய இரும்புக்கார மயில்சாமி குட்டியானை வண்டியோடு வந்து பாதிக் கூடத்தைக் காலி செய்தான். தரை சிவப்பு என்பதே வடிவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தோஷத்தில் அவனுக்கு மோர் கொடுத்தாள். அவன் இரண்டாவது தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தான்.

மறுநாள் மிச்சத்தை ஏற்ற வந்தவன் சட்டையைப் பிடித்தார்கள்.

"எங்க கட்டில் எங்கடா?"

"அது உருக்குப் பட்டறைக்குப் போயிருச்சுண்ணே."

"பண்றதையும் பண்ணிட்டு வாய் கூசாமச் சொல்றான் பாரு!" என்று விரட்டிவிட்டார்கள். வடிவு தலையில் அடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சுப்பையா என்று இன்னொருத்தன் மிச்சத்தை ஏற்றிப் போனான். அவன் நேரம், சாமானை எடைக்குப் போடுகிற கடைக்கு லீவு. அப்படியே ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தான். போதாக்குறைக்கு மேலத்தெருவில் ஏற்றிய சாமானும் அதில் இருந்தது.

"கொடுத்ததுக்கு மேலேயே கொண்டு வந்திருக்கான்டா!" என்று சடையாண்டி அவனைக் கட்டிப்பிடித்து அழுதான். எல்லாவற்றையும் கூடத்திலேயே இறக்கினார்கள். தரை மறுபடி மறைந்துபோனது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா இரண்டு குடத்துக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்றபடி, "பொண்ணைப் பிடிச்சிருக்கு. எங்களை நீங்க முழுசா நம்பலாம்" என்றார்.

"அப்படியா? கூட்டிட்டுப் போனா எப்பத் திருப்பிக் கொண்டு வருவீங்க?" என்றான் சடையாண்டி.

"திருப்பிக் கொண்டு வர்றதா? கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்துக்குவோம்!"

"திருட்டுக் கும்பல்டா!" என்று அலறினான் வெள்ளியங்கிரி. பொன்னுரங்கம் மூலையில் தனியாகக் கிடந்த கட்டில் காலைத் தூக்கினான். ஏழு பேரும் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் மயில்சாமியின் வண்டி வந்தது. வடிவு பட்டுப்புடவையோடு போய் மறித்தாள்.

"ஏங்க, எடுத்துட்டுப் போனதைத் திருப்பிக் கொண்டு வர்ற பழக்கம் உங்களுக்கு உண்டா?"

"எங்க பரம்பரையிலேயே கிடையாதுங்க."

"அப்ப என்னைக் கட்டிக்கிறீங்களா?"

மயில்சாமி முன்சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டான். அவள் ஏறிக்கொண்டாள். வண்டி பறந்தது.

"ஐயோ, அவன் திருப்பியே தரமாட்டானேடா!" என்று மார்பில் அடித்துக்கொண்ட சடையாண்டி, சுப்பையாவை வரவழைத்தான். "தம்பி, உன்னைத்தான் நம்பியிருக்கேன். இன்னிக்கு இந்த வீட்டை விட்டுப் போனதையெல்லாம் திருப்பிக் கொண்டு வந்துடு!"

சாயங்காலம் சுப்பையாவின் வண்டி வந்து நின்றது. பின்னால் மாப்பிள்ளை, அவன் அப்பா, அம்மா என்று ஏழு பேரும் கயிற்றால் கட்டப்பட்டுக் கிடந்தார்கள்.

"பஸ் ஸ்டாப்ல நின்னாங்கண்ணே. வரமாட்டேன்னு ஒரே அடம்" என்றான் சுப்பையா. "தங்கச்சி வண்டியைத்தான் பிடிக்க முடியலை."

சடையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைகளை எண்ணிப் பார்த்தான்.

"போனது எட்டு, ஏழு வந்துருச்சே! இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆள் கிடைப்பானா? டேய், குடத்துப் பக்கத்துல இறக்கி அடுக்குங்கடா. பார்த்து, பெரியவர் ஏற்கெனவே லேசா உடைஞ்சிருக்கார்."