ஏழாம் நம்பர் பஸ்

தென்காசிப் பக்கம் ஒரு தனியார் பஸ் கம்பெனி. அதன் மேனேஜர் கோதண்டம் வாயைத் திறந்தால் ஷெட்டே நடுங்கும்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் கிளார்க் பேச்சித்தாயைக் கூப்பிட்டார். "இருபது வண்டி, முப்பத்தாறு டிரைவர். யாருக்கு எந்த டிரிப்புன்னு சாயங்காலத்துக்குள்ள வேணும். என் விதி ஒண்ணையும் மீறக் கூடாது. முடியலேன்னா வீட்டுக்குப் போயிரு."

"விதியெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க சார்."

கோதண்டம் பெருமையாகப் பதினெட்டு விதி எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பேச்சித்தாய் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஒரு டிரைவர் ஒரு டிரிப்புக்குப் போனால் ஒன்று, போகாவிட்டால் பூஜ்யம். அரை ஆள் என்பதே கிடையாது. எல்லா வழியையும் அலசிவிட்டு, பதினெட்டு விதிக்கும் ஒத்துவர வழியே இல்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்தது.

சாயங்காலம் முதலாளியம்மா வந்ததும் கோதண்டம் முந்திக்கொண்டார். "டிரைவருக்கு எட்டு மணி நேர ஓய்வுன்னு போட்டேன்ல, அதாம்மா இடைஞ்சல்."

"எந்த விதியை எடுத்தா வழி வரும்னு கம்ப்யூட்டரையே கேப்போமா சார்?"

"கேளு! எது வந்தாலும் அந்த விதியை என் கையாலேயே கோடு போட்டு அடிக்கிறேன்."

திரையில் வந்தது ஒரே வரி: 'விதி 17. ஏழாம் நம்பர் பஸ் ஓடாது.'

"ஏன் ஓடாது?" என்றார் முதலாளியம்மா.

"ரிப்பேரும்மா."

"காலையில உங்க தோப்புல தேங்காய் ஏத்திக்கிட்டு நின்னுச்சே சார்?" என்றாள் பேச்சித்தாய்.

"தோப்பு வேலைக்கு ஒரு அரை நாளாவது அந்த வண்டியை..." என்று இழுத்தார் கோதண்டம்.

பேச்சித்தாய் அவர் கையெழுத்துப் போட்ட தாளையும் பேனாவையும் நீட்டினாள். "இங்க அரையே கிடையாது சார். அடிங்க."