பூதத்துக்கு ஒரு கல்யாணம்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை ஆண்ட வீரகண்ட ராஜாவுக்கு ஒரே பைத்தியம், கதையாட்டம்! ராஜா கதை சொல்வார். அவையோர் ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். "இப்போ என்ன செய்யப்போறீங்க?" என்று ராஜா கேட்க, சொன்ன காரியம் பலிக்குமா என்று பகடை உருட்டுவார்கள். பன்னிரண்டு வருஷமாக நடக்கிற ஆட்டம். இப்போதோ தளபதி குறட்டை விடுகிறார், வைத்தியர் நகம் கடிக்கிறார்.

"ஏன் யாருக்கும் உற்சாகமே இல்லை?" ராஜா சீறினார்.

தில்லைராயர் என்ற ஜால்ரா துள்ளி எழுந்தார். தன் மைத்துனனுக்குப் பகடை செதுக்கும் வேலை வாங்கித்தர அவருக்கு ரொம்ப நாள் ஆசை.

"மகாராஜா கதை தேன்! பகடைதான் ராசியில்லை. அதைச் செதுக்கிய பூவாயியை நாடு கடத்துங்கள்!"

அவை ஓரத்தில் பகடைப் பெட்டியோடு நின்ற பூவாயி முன்னால் வந்தாள். "போறேன் மகாராஜா. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆட்டம், நான் கதை சொல்றேன். நீங்க திருடன்."

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. மேலாடையை வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"திருடரே, எதிரே பூட்டின கதவு. என்ன செய்றீங்க?"

"கூரை ஏறி..."

"இல்லை, கதவைத் தட்டுறீங்க. பூதம் வருது. என்ன செய்றீங்க?"

"அதுகிட்ட நைசாப் பேசி..."

"பேசலை, வெட்டுறீங்க. பூதம் செத்துப்போச்சு. எல்லாரும் கைதட்டுங்க!"

ராஜா குதித்து எழுந்தார். "என் வேடத்தையும் நீயே ஆடினா நான் எதுக்கு இங்கே உட்கார்ந்திருக்கேன்?"

"அதைத்தான் தளபதி இத்தனை வருஷமா கேட்கப் பயந்துக்கிட்டிருக்கார், மகாராஜா."

"என்ன திமிர்!" என்று தில்லைராயர் கத்தினார். ராஜாவின் முகம் சிவந்து, அப்புறம் மெல்ல வெளுத்தது.

"ராயரே, தேன் தேன்னு என்னைக் கெடுத்தது நீர்தான். இனி கதையில் உமக்குக் கழுதை வேடம். பூவாயி, நீ எங்கேயும் போகவேண்டாம். இங்கே என் பக்கத்தில் உட்கார். நான் பழையபடி ஆரம்பித்தால் தடுத்து நிறுத்து."

பிறகு அவர் திரும்பினார். "தளபதி, பூதம் எதிரே நிற்கிறது. என்ன செய்றீங்க?" கேட்டுவிட்டு, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

தளபதியின் கண் பளபளத்தது.

"நான்... அதுக்குப் பொண்ணு பார்க்கிறேன், மகாராஜா!"

"எங்கே பொண்ணு? பலிக்குமா பார்ப்போம்!" என்று அவையே எழுந்து பகடைக்குப் பாய்ந்தது.