நோட்டீஸ் வந்த பாட்டு

மெட்ராஸில் ஒரு ரிக்கார்டு கம்பெனி. அதன் முதலாளி வைத்திலிங்கம் பாட்டில் ஒரு வரிகூட எழுதியவரல்ல. ஆனால் எந்தப் பாட்டு நன்றாக விற்றாலும், அடுத்த அச்சில் இசைத்தட்டின் லேபிளில் 'இயற்றியவர்' என்ற இடத்தில் அவர் பெயர் ஏறிவிடும்.

அங்கே இசைத்தட்டு துடைக்கச் சேர்ந்து, பாட்டுப் பதிவுக்கே பொறுப்பாளராக உயர்ந்தவர் இன்னாசி. ராயபுரத்தில் வாத்தியமே இல்லாமல், 'டும்டும் டுவா' என்று வாயாலேயே தாளம் போட்டுப் பாடும் நான்கு துறைமுகத் தொழிலாளிகளைக் கூட்டிவந்து அவர்களே எழுதிய ஒரு பாட்டைப் பதிவு செய்தார். ஊரெல்லாம் அதையே முணுமுணுத்தது.

"லேபிளில் என் பேரைப் போடும். அவங்க சம்மதக் கையெழுத்தை நீரே வாங்கிட்டு வாரும்" என்றார் முதலாளி.

"ஆகட்டும் முதலாளி."

மறுநாள் இன்னாசி மடித்த காகிதத்தோடு வந்தார். "அந்தப் பாட்டு விஷயமா ராயபுரத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கு. எழுதினவங்க நேரில் வரணுமாம்."

முதலாளிக்கு வியர்த்தது. பழைய பாட்டுகளெல்லாம் ஞாபகம் வந்திருக்கும். "நான் எங்கேய்யா எழுதினேன்? அந்த நாலு பேர்தான் எழுதினாங்க."

"அதையே எழுதிக் கொடுத்துட்டா நல்லது."

கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரையும் குத்திக் கொடுத்த பிறகுதான், "வக்கீல் யாரு?" என்று கேட்டார்.

இன்னாசி காகிதத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார். ரோஸ் நிறத்தில், ராயபுரம் வாலிபர் சங்க ஆண்டு விழா நோட்டீஸ்.

"வக்கீல் யாருமில்லை முதலாளி. பாட்டு எழுதினவங்களுக்குப் பொன்னாடை போர்த்தறாங்க. தலைமைன்னு உங்க பேரும் பெரிய எழுத்தில் இருக்கு. போர்த்திவிடறது நீங்கதான்."